பிரிஸ்டோவை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

அக்கா மகனுக்கு டார்ட்ஸ் என்னும் அம்பெறியும் ஆட்டத்தின் மேல் பைத்தியம் பிடித்து இரண்டு ஆண்டுக்கு மேலாகிறது. 2024 ஜனவரியில் லூக் லிட்லர் என்ற பதினாறு வயதுப் பையன் உலக சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி வரைக்கும் வந்து லூக் ஹம்ப்ரீஸிடம் தோற்றானே, அந்த ஆட்டத்தை நம் ஊர் நேரப்படி நள்ளிரவு தாண்டி விழித்திருந்து பார்த்ததில் தொற்றிக்கொண்டது. மறு ஆண்டு லிட்லர் பட்டத்தையே வென்றதும் முற்றிவிட்டது. போன மாதம் வீட்டுக்கு வந்தவன் கேட்டான்: "மாமா, எரிக் பிரிஸ்டோ, எரிக் பிரிஸ்டோ என்கிறார்களே, அவர் ஆட்டத்தில் ஒன்றே ஒன்றைக் காட்டுங்கள். பார்த்தவுடன் ஆள் யார் என்று தெரிய வேண்டும்."

யோசிக்காமல் 1986 இறுதிப் போட்டியைப் போட்டேன். டேவ் விட்கோம்பை 6–0 என்று துவைத்து பிரிஸ்டோ தன் ஐந்தாவது உலகப் பட்டத்தை எடுத்த ஆட்டம். அதற்கு மேல் ஒரு உச்சம் ஏது என்று நினைத்தேன். நான்காவது செட்டில் பையன் சோபாவில் சாய்ந்து தூங்கிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. அடிப்பவன் ஒருவன், அடி வாங்குபவன் ஒருவன் என்று ஆகிவிட்ட ஆட்டத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

அதிலிருந்து எனக்கு இதே யோசனைதான். பிரிஸ்டோவின் உலகப் பட்டங்கள் ஐந்து. தோற்ற உலக இறுதிப் போட்டிகளும் ஐந்து. இது போக 1997இல் ஓர் அரையிறுதி, தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சி, வர்ணனையாளர்களோடு உட்கார்ந்திருந்த ஆண்டுகள், ஐம்பத்தைந்து வயதில் ஆஸ்திரேலியக் காட்டில் பூச்சிகளோடு சில வாரங்கள். ஒரே மாலை நேரம்தான் கையில் இருக்கிறது என்றால் இவற்றில் எதைப் போடுவது?

ஆட்டம் தெரியாதவர்களுக்கு முதலில் இரண்டு வார்த்தை. 501 புள்ளிகளில் தொடங்கி, எறிய எறியக் கழித்துக்கொண்டே வந்து, சரியாகப் பூஜ்ஜியத்தில் முடிக்க வேண்டும். இப்படி ஒரு முறை முடித்தால் ஒரு 'லெக்'; சில லெக்குகள் சேர்ந்தது ஒரு 'செட்'. ஒரு முறைக்கு மூன்று டார்ட். நிற்கும் கோட்டுக்கும் பலகைக்கும் நடுவே 2.37 மீட்டர். கடைசி டார்ட் மட்டும் பலகையின் விளிம்பை ஒட்டி ஓடும், எண்ணை இரட்டிப்பாக்கும் 'டபுள்' வளையத்திலோ நட்ட நடுப்புள்ளியிலோ பாய வேண்டும். அந்த வளையத்தின் அகலம் 8 மில்லிமீட்டர். கேரமில் எல்லாக் காயையும் அழகாகப் போட்டுவிட்டு, சிவப்புக்குக் கவர் போட முடியாமல் கை நடுங்குமே, அந்த இடம்தான் டபுள். எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் அங்கே வந்துதான் மாட்டுவான்.

இந்த மாட்டுதலை வீடுகளுக்குள் கொண்டுவந்தது பிபிசி. திரையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் பலகையையும் மறு பக்கம் எறிபவரின் முகத்தையும் காட்டினார்கள். சின்ன வித்தைதான். ஆனால் டார்ட் எங்கே குத்தியது என்பதை எறிந்தவன் முகத்திலும் படிக்க முடிந்த பிறகு, மதுக்கடை மூலையில் ஆடிய விளையாட்டு லட்சக்கணக்கானவர்கள் பார்க்கும் நாடகமாகிவிட்டது. பிரிஸ்டோவை எதில் பார்ப்பது என்று தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வியும் இதுதான்: முகத்தில் ஏதாவது நடக்கிறதா?

முகம் என்றதும் ஆளைச் சொல்லிவிடுகிறேன். 1957இல் கிழக்கு லண்டன் ஹாக்னியில் பிறந்தவர். ஒல்லி, உயரம், இருபது வயதிலேயே எதிராளியை வம்புக்கிழுக்கும் வாய். 1976இல் அமெரிக்கா போனபோது கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் 'கிராஃப்டி காக்னி' என்ற பெயரில் ஒரு மதுக்கடையைப் பார்த்தார். காக்னி என்றால் கிழக்கு லண்டன்காரன். முழுப் பெயரையும் 'கில்லாடி லண்டன்காரன்' என்று தமிழில் சொல்லலாம். அந்தக் கடையின் சிவப்புச் சட்டையையும் பெயரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எறியும் கையைக் கவனித்தால் இன்னொரு விஷயம் தெரியும். மற்ற விரல்கள் டார்ட்டைப் பிடித்திருக்க, சுண்டுவிரல் மட்டும் தனியாக விறைத்து மேலே நிற்கும், சீமாட்டிகள் தேநீர்க் கோப்பையைப் பிடிப்பதைப் போல. பீர் வாடையும் சிகரெட் புகையும் மண்டிய கூடத்தில் அந்தச் சுண்டுவிரலின் பவிசைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை.

முதல் பட்டம் 1980. எதிரே பாபி ஜார்ஜ், மினுமினுக்கும் சட்டையும் நகையுமாகக் கச்சேரிக்கு வந்தவரைப் போல மேடையேறுபவர். பிரிஸ்டோவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. 5–3 என்று வென்றார். இளமைத் திமிரைப் பார்க்க வேண்டுமானால் இது நல்ல தேர்வு. கூட்டமும் இருவரையும் ஏற்றிவிட்டுக்கொண்டே இருந்தது. ஆனாலும் முதல் ஆட்டமாக இதைச் சொல்ல மாட்டேன். பின்னால் இவர் யாராக ஆனார் என்பது தெரிந்த பிறகுதான் இந்தத் திமிருக்கு ருசி.

1981இல் ஜான் லோவை 5–3. 1984இல் விட்கோம்ப். 1985இல் மறுபடி லோ, இம்முறை 6–2. 1986 நான் பட்ட அவமானம், மேலே சொல்லிவிட்டேன். இந்த ஆட்சிக் காலத்தில் ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் 1985ஐப் பாருங்கள். இல்லை, கேளுங்கள். வர்ணனையாளர் சிட் வாடல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன், கேம்பிரிட்ஜில் வரலாறு படித்தவர். மாசிடோனிய அலெக்சாண்டர் முப்பத்துமூன்று வயதில், வெல்வதற்கு இனி உலகம் இல்லையே என்று கண்ணீர் வடித்தானாம். பிரிஸ்டோவுக்கு இருபத்தேழுதான் ஆகிறது என்றார். டார்ட்ஸ் பலகைக்கு முன்னால் அலெக்சாண்டரை இழுத்துவந்து நிறுத்த ஒரு மனுஷனுக்கு என்ன துணிச்சல் இருந்திருக்க வேண்டும்! சொன்ன வேகத்தில் அது பொருத்தமாகவும் இருந்துவிட்டது. ஆட்டத்தைவிட அந்த வாக்கியம்தான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. வாடலுக்காகப் பார்க்கலாம். பிரிஸ்டோவுக்காக என்றால் அங்கேயும் அதே குறைதான்: முகத்தில் எதுவும் நடக்காது. வெல்லப்போவது அவருக்குத் தெரியும்.

1983க்கு வருகிறேன்.

ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் பக்கம் லாங்டனில் ஜாலீஸ் என்ற கேளிக்கைக் கூடம். எதிராளி கீத் டெல்லர், வயது இருபத்துமூன்று, தகுதிச் சுற்று ஆடி உள்ளே நுழைந்தவர். அவரைக் கணக்கில் வைத்தவர் யாரும் இல்லை. வரும் வழியில் ஜாக்கி வில்சனையும் ஜான் லோவையும் வீழ்த்திவிட்டு பிரிஸ்டோவுக்கு எதிரே வந்து நின்றார். அன்றைய உலகத் தரவரிசையின் முதல் மூன்று பேரில் இருவர் ஏற்கெனவே காலி, மூன்றாமவர் எதிரே. செட் கணக்கு 5–5 ஆகி, கடைசி செட்டில் வந்து நிற்கிறது.

பிரிஸ்டோவின் முறை. 121 பாக்கி. இரண்டு டார்ட் எறிந்ததும் 50 மிச்சம், கையில் ஒரு டார்ட். நடுப்புள்ளிக்கு ஐம்பது. குத்தினால் அந்த லெக் அவருடையது. இங்கேதான் பலகையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். நடுப்புள்ளியை ஆங்கிலத்தில் 'புல்' என்கிறார்கள், காளை. ஆனால் விட்டம் 12.7 மில்லிமீட்டர்தான், காளைக்கு அது ரொம்பச் சின்ன உடம்பு. தவறினால் மிச்சம் ஏதாவது கோணல் எண்ணாக நின்றுவிடும். டெல்லருக்கோ 138 பாக்கி. மூன்றே டார்ட்டில் 138ஐ முடிப்பது, அதுவும் உலகப் பட்டத்துக்கான கடைசி செட்டில், தகுதிச் சுற்றிலிருந்து வந்த ஒரு பையன்! பிரிஸ்டோ பதற்றமில்லாமல் 18ஐக் குத்தி 32 வைத்துக்கொண்டார். அடுத்த முறை வந்து டபுள் 16ஐ மூன்று டார்ட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. 32 டார்ட்ஸ்காரர்களின் செல்ல எண். தவறி உள்பக்கம் விழுந்தால் 16, மறுபடி தவறினால் 8, பிறகு 4, 2 என்று பாதி பாதியாக இறங்கினாலும் ஒவ்வொரு படியிலும் ஒரு டபுள் காத்திருக்கும்.

கணக்கில் பிழையே இல்லை. இன்றைக்கும் பயிற்சியாளர் யாரிடமாவது கேட்டால் அதைத்தான் செய்யச் சொல்லுவார்கள் என்று நினைக்கிறேன்.

டெல்லர் வந்து நின்றார். ட்ரெபிள் 20, அதாவது இருபதுக்கு மும்மடங்கு. ட்ரெபிள் 18. டபுள் 12. அறுபது, ஐம்பத்துநான்கு, இருபத்துநான்கு. 138 தீர்ந்தது, பட்டமும் தீர்ந்தது. பிரிஸ்டோ அடுத்த டார்ட்டை எறியவே இல்லை.

எத்தனை முறை பார்த்தாலும் அந்த 18 விழும் இடத்தில் நிறுத்தாமல் என்னால் போக முடிவதில்லை. தோற்ற மனிதன் செய்த கடைசிக் காரியம் நிதானமானது, சரியானது, கொஞ்சம் அலட்சியமானது. எதிராளியை அவர் என்ன நினைத்தார் என்பது அந்த ஒரு டார்ட்டில் இருக்கிறது. வெற்றி ஆட்டங்கள் ஐந்தில் எதிலும் இந்த அளவுக்கு அவர் மனசு வெளியே தெரியவில்லை.

இதற்குப் போட்டி போடக்கூடிய ஒரே ஆட்டம் 1997 அரையிறுதி. அதன் கனம் தெரிய வேண்டுமானால் முன்கதை வேண்டும், அது கொஞ்சம் கசப்பானது.

1986 கடைசியில், சுவீடனில் ஒரு போட்டியில், பிரிஸ்டோவின் கையிலிருந்து டார்ட் வெளியே போக மறுத்தது. கை முன்னால் வருகிறது, விரல்கள் திறக்கவில்லை. மறுபடி பின்னால் இழுத்து மறுபடி முன்னால். இதற்கு 'டார்டைட்டிஸ்' என்று பெயர். கோல்ஃப் ஆடுபவர்களுக்குக் கடைசிச் சின்ன அடியில் கை வெட்டி இழுக்குமே, அதற்கு உறவுக்காரன். சதை நோயா மனநோயா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். யோசிக்காமல் செய்துவந்த ஒன்றை ஒரு நாள் யோசித்துவிட்டால் வரும் வினை இது என்று எனக்குத் தோன்றும். அந்தக் கையோடு மல்லுக்கட்டிக்கொண்டே 1987, 1989, 1990, 1991 என்று நான்கு உலக இறுதிப் போட்டிகளுக்கு வந்தார். நான்கிலும் தோல்வி. அவற்றில் ஸ்காட்லாந்தின் ஜாக்கி வில்சனோடு ஆடிய 1989 மட்டும் தனியாகப் பார்க்கத் தகுந்தது. வில்சன் 5–0 என்று முன்னால் போய்விட, பிரிஸ்டோ ஒவ்வொரு செட்டாக மீட்டு 5–4க்குக் கொண்டுவந்து, கடைசியில் 6–4 என்று விட்டார். நல்ல ஆட்டம், ஆனால் அது வில்சனின் ஆட்டம். வில்சனை நேசிக்கிறவர்கள் தனிக் கூட்டம், அவர்கள் பங்கில் நான் கை வைக்கப்போவதில்லை.

1990இல் தோற்கடித்தவர் ஃபில் டெய்லர். ஸ்டோக்கில் பீங்கான் தொழிற்சாலை வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். பிரிஸ்டோதான் அவருடைய கையைப் பார்த்து, பணத்தைக் கடனாகக் கொடுத்து, வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் ஆடு என்று தள்ளிவிட்டவர். அந்தச் சீடன் வந்து குருவை 6–1 என்று அடித்தார். துரோணருக்கே அம்பு விட்ட கதை நமக்குப் பழக்கமானதுதான். துரோணர் கடன் கொடுத்துச் சேர்த்த சீடன் என்பதுதான் புதிது. பாவம், அந்த ஆட்டமும் 1986ஐப் போல ஒருதலைப்பட்சம்.

பிறகு ஆட்டக்காரர்கள் பிரிந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் தொலைக்காட்சியில் டார்ட்ஸ் தேய்ந்துகொண்டே வந்தது. பழைய அமைப்பின் மேல் அதிருப்தி கொண்ட முன்னணி வீரர்கள் 1993இல் தனி அமைப்பாகக் கிளம்பினார்கள். பிரிஸ்டோவும் டெய்லரும் அந்தப் பக்கம். 1994இலிருந்து அவர்களுடைய உலகப் போட்டி எஸ்ஸெக்ஸின் பர்ஃப்ளீட்டில் சர்க்கஸ் டேவர்ன் என்ற கூடத்தில், ஸ்கை தொலைக்காட்சியில்.

1997 அரையிறுதி அங்கேதான் நடந்தது. டெய்லர் நடப்புச் சாம்பியன், கையில் நான்கு உலகப் பட்டங்கள். பிரிஸ்டோவுக்கு முப்பத்தொன்பது வயது, பெயருக்குப் பின்னால் ஐந்து பட்டங்கள், கையில் இன்னும் முழுசாக ஆறாத அந்த வினை. டெய்லர் போட்டியை வென்றால் குருவின் எண்ணிக்கையைத் தொட்டுவிடுவார். ஆக பிரிஸ்டோ அன்று காத்து நின்றது ஓர் இறுதிப் போட்டி இடத்தை மட்டும் இல்லை, தன் எண்ணையும்தான். ஆட்டம் 4–4 வரை வந்து கடைசி செட்டுக்குப் போனது. கூட்டம் முழுவதும் கிழவர் பக்கம். முப்பத்தொன்பதைக் கிழவர் என்று எழுத எனக்கே சங்கடமாக இருக்கிறது. 5–4 என்று டெய்லர் வென்றார், போய் ஐந்தாவது பட்டத்தையும் எடுத்தார், அப்புறம் பதினாறு வரை போனார்.

இதுவா 1983ஆ? உணர்ச்சியின் கனத்தில் 1997. விரல்கள் எந்த நொடியும் மறுக்கலாம் என்ற பயம் ஒவ்வொரு எறியிலும் நமக்கும் தொற்றும். ஆனால் அது முன்கதை தெரிந்தவருக்கு. கடன், சீடன், டார்டைட்டிஸ், நான்கு தோல்விகள் எல்லாம் தெரியாமல் பார்த்தால் நடுத்தர வயது ஆள் ஒருவர் நூலிழையில் தோற்கும் அரையிறுதி, அவ்வளவுதான். 1983க்கு முன்கதையே வேண்டாம். 50, 18, 138 என்ற மூன்று எண் போதும்.

ஆடாத பிரிஸ்டோவையும் பார்த்துவிடுவோம்; அவரைத் தெரிந்த பலருக்கு அவர்தான் பிரிஸ்டோ. 1981இல் ஐடிவியில் ஜிம் போவன் நடத்தத் தொடங்கிய 'புல்ஸ்ஐ' என்ற போட்டி நிகழ்ச்சிக்குப் பெரிய டார்ட்ஸ் வீரர்கள் வந்து, தருமத்துக்காக ஒன்பது டார்ட் எறிந்துவிட்டுப் போவார்கள். புள்ளிக்கு ஒரு பவுண்டு, 301ஐ எட்டினால் இரட்டிப்பு. பிரிஸ்டோவும் எறிந்திருக்கிறார். அந்தக் காலத்து இங்கிலாந்தின் ஞாயிற்றுக்கிழமை வாசனைக்காகப் பார்க்கலாம், ஒன்பது டார்ட்டில் ஆளைத் தெரிந்துகொள்ள முடியாது.

அதைவிட எனக்குப் பிடித்த வேலை ஸ்கையில் அவர் செய்தது. வர்ணனையோடு சேர்த்து, 'ஸ்பாட்டர்' என்று ஒரு வேலை. ஆட்டக்காரர் அடுத்த டார்ட்டை எந்தக் கட்டத்துக்கு எறிவார் என்று கேமராக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், அப்போதுதான் கேமரா அங்கே போய் நிற்கும். மிச்சம் எவ்வளவு, இந்த ஆள் எந்த டபுளை விரும்புவான், முதல் டார்ட் தவறினால் எங்கே திரும்புவான் என்பதெல்லாம் கண நேரத்தில் ஓட வேண்டும். திரையில் நாம் பார்த்த எத்தனையோ துல்லியமான காட்சிகளுக்குப் பின்னால் அவர் குரல் இருந்திருக்கிறது, நமக்குக் கேட்காமல். பார்க்க முடியாததை எப்படிச் சிபாரிசு செய்வது? அதனால் பட்டியலில் சேர்க்கவில்லை.

2012இல் ஆஸ்திரேலியக் காட்டில் பிரபலங்களை அடைத்துவைக்கும் ஐடிவி நிகழ்ச்சிக்குப் போனார். நான்காவது இடம். இங்கிலாந்தின் இளையவர்கள் பலர் அவரை முதன்முதலில் பார்த்தது அதில்தான். தாத்தா ஒருவர் வெடுக்கென்று பேசிக்கொண்டு திரிகிறாரே என்று ரசிக்கலாம். டார்ட்ஸ் மட்டும் இல்லை. நான்கு வருடம் கழித்து, சிறுவயதில் பயிற்சியாளர்களின் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்ன கால்பந்து வீரர்களை ஏளனம் செய்து ட்விட்டரில் எழுதினார். ஸ்கை அவரை அனுப்பிவிட்டது. பின்னால் மன்னிப்பும் கேட்டார். மேடையில் எதிராளியைச் சீண்டிய அதே வாய்தான். அங்கே ரசித்ததை இங்கே சகிக்க முடியவில்லை. சகிக்க வேண்டியதும் இல்லை. பையனிடம் இதையும் சொன்னேன். பிடித்தவர் என்பதற்காக மறைத்துவிட்டுப் பிற்பாடு அவனே தேடிக் கண்டுபிடிக்கும்படி விட எனக்கு மனம் வரவில்லை.

2018 ஏப்ரல் 5 அன்று லிவர்பூலில் பிரீமியர் லீக் டார்ட்ஸ் நடந்துகொண்டிருந்த அரங்குக்கு வந்த இடத்தில் மாரடைப்பில் இறந்தார். அறுபது வயது. செய்தி தெரிந்ததும் கூட்டம் அவர் பெயரைப் பாட ஆரம்பித்தது. அந்தக் காட்சியும் கிடைக்கிறது. அதிலிருந்து தொடங்காதீர்கள். யாருக்காகப் பாடுகிறார்கள் என்று தெரியாமல் அதைப் பார்ப்பது, முன்பின் தெரியாத வீட்டு இழவுக்குப் போனது போல இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை பையன் மறுபடி வந்தான். இந்த முறை 1983, கடைசி செட் மட்டும். 50 மிச்சம் இருக்கும் இடத்தில் ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்தினான். "ஏன் மாமா, நடுவில் அடிக்க வேண்டியதுதானே?" காரணத்தைச் சொன்னேன்: 12.7 மில்லிமீட்டர், 32, டபுள் 16, எதிரே 138. காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தான். "சரிதான். நானும் 18தான் எறிந்திருப்பேன்" என்றான். ஆட்டத்தை ஓடவிட்டான்.

டெல்லரின் மூன்றாவது டார்ட் டபுள் 12இல் பாய்ந்ததும் ஒன்றும் பேசவில்லை. பின்னால் ஓட்டி, 18 விழும் இடத்துக்குப் போய், படம் பிரிந்திருக்கும் அந்தப் பாதியில் பிரிஸ்டோவின் முகத்தைப் பார்த்தான். இரண்டு முறை. 1997ஐ அடுத்த வாரம் காட்டுகிறேன் என்றேன். அதற்குள் ஃபில் டெய்லர் யார் என்று படித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன், கடன் வாங்கிய கதையிலிருந்து.